கம்பு மாவை நம்பாதே

அன்புள்ள மகனுக்கு,

பொம்மிடி ஸ்டேஷன் பக்கம் மளிகைக் கடை எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். கடிதம் முழுக்க முன்பக்க அலமாரியும் போர்டும்தான். பின்னறை எப்படி?

நம் பக்கம் கேழ்வரகு நிறைய விற்கும். 2023 முதல் தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். வியாபாரிக்குத் தோதான தானியம் அது. மணி பொடிசு, வண்டு உள்ளே குடியேற இடமில்லை. அந்தக் காலத்தில் குழி வெட்டிக் கொட்டி, வருஷக்கணக்கில் வைத்து எடுத்தார்கள். அரைத்தாலோ அந்தக் காவல் போச்சு. கம்பு இன்னும் மோசம். அதில் சுமார் 5 சதவீதம் கொழுப்பு. மாவானதும் அதிலுள்ள நொதி கொழுப்பை உடைக்கத் தொடங்கும். சில நாளில் கசந்து காறல் வாடை அடிக்கும். அதனால் தானியத்தை மூட்டையாக வாங்கு, மாவை அவ்வப்போது அரைத்துக்கொள்.

மூட்டை இறங்கும்போதே ஈரம் பார். உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி தானியம், ஒரு ஸ்பூன் காய்ந்த உப்பு போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் வை. உப்பு பாட்டிலின் உட்புறம் ஒட்டினால் ஈரம் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு மேல். அடுக்காதே. ஒட்டாவிட்டாலும் வெயிலில் ஒருமுறை காயவிடு. 12 சதவீதத்துக்கு வந்தால்தான் நிம்மதி. எடை குறையுமே என்பாய். குறைவது தண்ணீர்தானே, அதற்கும் தானிய விலையா கொடுப்பாய்?

மரக்கட்டை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கு. புதுச்சரக்கு பின்னால், பழையது முன்னால். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப்பொறி ஒன்று வாங்கிக்கொள்: துளையிட்ட குழாய், தானியத்துக்குள் செருக வேண்டியது. காற்றோட்டம் தேடி ஊரும் வண்டு துளைவழி நுழைந்து அடிக்குப்பிக்குள் விழும். வாரம் ஒருமுறை குப்பியைக் கழற்றிப் பார்த்தால், மூட்டையைப் பிரிக்காமலே சேதி தெரியும்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யார் கொடுத்தாலும் தொடாதே. ஈரக்காற்று பட்டால் அதிலிருந்து வரும் பாஸ்பீன் ஆளையே கொல்லும். பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கையாளும் பொருள் அது. உன் கடைக்கு மேலேயே வீடு வேறு.

தண்ணீர் கேனும் குளிர்பானமும் வெயிலில் கிடக்க வேண்டாம். சோப்பு, பினாயில், கொசுவர்த்தி எல்லாம் வேறு மூலைக்குப் போகட்டும். டீத்தூள் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். பின்னறைச் சாவி ஒருவர் கையில் இருக்கட்டும். உள்ளே வந்த தேதியைச் சாக்கிலேயே எழுது. காலாவதியான பாக்கெட்டைத் தனிப்பெட்டியில் பூட்டி வை, அவசரத்தில் பையன் எடுத்து விற்றுவிடுவான்.

கதவுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து எழுது. 6 மில்லிமீட்டர் இருந்தாலே சுண்டெலி நுழையும். தகரம் வெட்டி அனுப்புகிறேன்.

உன் பெரியப்பா