நட் ஏறாத போல்ட்டும் நான் தவறவிட்ட நாட்களும்

"மாதா, பிதா, குரு, தெய்வம்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாதாவும் பிதாவும் பிறக்கும்போதே கிடைத்துவிடுகிறார்கள். குருவை மட்டும் தேடிப் போக வேண்டியிருக்கிறது. வகுப்பில் பாடம் நடத்தும் அனைவரும் நமக்குக் குருதான். ஆனால் நம் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்து, "இங்கே தப்பு, இப்படிச் செய்" என்று சொல்லும் ஒருவரும் வேண்டும். அவரைத்தான் வழிகாட்டி என்கிறேன். அவரை எப்படித் தேடுவது, கிடைத்தபின் எப்படிப் பயன் பெறுவது என்பதை என் தவறுகளிலிருந்தே எழுதுகிறேன்.

ஸ்கிராப் பெட்டிக்குப் போன போல்ட்

மூன்றாம் பருவம். லேத்தில் 16 மி.மீ. விட்டமுள்ள கம்பியில் 2 மி.மீ. பிட்சில் மரை வெட்ட வேண்டும். வெட்டி முடித்து நட்டைப் போட்டால் இரண்டு சுற்றுக்கூட ஏறவில்லை. யாரும் பார்க்குமுன் ஸ்கிராப் பெட்டியில் போட்டுவிட்டேன். எங்கள் பணிமனை இன்ஸ்ட்ரக்டர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, இது உங்களுதா?"

"ஆமா சார்."

"நட் ஏன் ஏறலை?"

"தெரியலை சார்."

"தெரியாம எதுக்கு வீசுறீங்க? காரணம் தெரிஞ்சப்புறம் வீசுங்க."

டூலைக் கழற்றிக் கேஜில் வைத்துக் காட்டினார். மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. நானோ கேஜில் உள்ள எண்ணைப் படிக்காமல், 55 டிகிரி கேஜை வைத்து டூலைத் தீட்டியிருக்கிறேன். டூல் முனை குறுகியதால் வெட்டிய பள்ளமும் குறுகி, மரையின் பல் தடித்துவிட்டது. பிறகு நட் எப்படி ஏறும்?

"ஒரு இரும்புத் துண்டை அரத்தால ராவி, ரெண்டு பக்கத்தைச் சரியான செங்கோணமா ஆக்கிக் கொண்டாங்க. மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

கொண்டு போனேனா? இல்லை. ராவிப் பார்த்தேன். ட்ரை ஸ்கொயரை வைத்தால் அடியில் வெளிச்சம் தெரிந்தது. இதைப் போய் எப்படிக் காட்டுவது என்று வெட்கம். பயிற்சி வகுப்புகளிலும் அவர் கண்ணில் படாமல் ஓரமாக நின்றேன். இப்படியே இரண்டு பருவங்கள் ஓடிவிட்டன.

ஐந்தாம் பருவத்தில் புராஜெக்ட்டுக்காக வேறு வழியில்லாமல் அவரிடம் போனேன். மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே என் போல்ட்! "வருவீங்கன்னு தெரியும் தம்பி. இவ்வளவு நாளாகும்னுதான் தெரியாது" என்றார். வரும் மே மாதம் அவர் பணி ஓய்வு பெறுகிறார். இரண்டு ஆண்டுகள் கற்றிருக்க வேண்டியவரிடம் நான் கற்றது சில மாதங்களே. அந்த நஷ்டத்துக்கு என்னைத் தவிர யாரும் பொறுப்பல்ல.

55 டிகிரிக்குப் பின்னால் ஒரு பரம்பரை

அந்த 55 டிகிரியை யார் வைத்தது என்பதையும் அவர்தான் சொன்னார். ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர், 1841-இல். தண்ணீர்க் குழாய் மரைகளில் இன்றும் அதே கோணம்தான். விட்வொர்த் இளமையில் வேலை பழகியது லண்டனில், ஹென்றி மாட்ஸ்லே என்பவரின் பட்டறையில். மாட்ஸ்லே 1789-இல், 18 வயதில், பூட்டுத் தொழில் மேதை ஜோசப் பிராமாவிடம் சேர்ந்தவர். கூலி உயர்வு கேட்டுக் கிடைக்காததால் 1797-இல் வெளியேறிச் சொந்தப் பட்டறை வைத்தார். ஒரே சீரான மரைகளை வெட்டும் லேத்தை உருவாக்கிப் புகழ் பெற்றார்.

1829-இல் எடின்பரோவிலிருந்து ஜேம்ஸ் நாஸ்மித் என்ற இளைஞர் மாட்ஸ்லேயைத் தேடி வந்தார். பணம் கட்டிப் பழகும் மாணவர்களைச் சேர்ப்பதையே மாட்ஸ்லே நிறுத்தியிருந்த நேரம் அது. ஆனால் நாஸ்மித் வெறுங்கையோடு வரவில்லை. தானே செய்த சிறு நீராவி எஞ்சின், தானே வரைந்த படங்கள் எல்லாம் கொண்டுவந்திருந்தார். அவற்றைப் பார்த்ததும் மாட்ஸ்லே அவரைத் தன் உதவியாளராகவே சேர்த்துக்கொண்டார். 1831-இல் மாட்ஸ்லே காலமாகிவிட்டார். கிடைத்தது சுமார் இரண்டு ஆண்டுகள்தான். 1839-இல் நாஸ்மித் நீராவிச் சம்மட்டிக்கான படத்தை வரைந்தார்.

அவருக்கும் எனக்கும் கிடைத்த காலம் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் பயன்படுத்திக்கொண்டார்; நான் ஒளிந்துகொண்டேன்.

நான் கற்ற ஐந்து பாடங்கள்

1. பதவியைப் பார்க்காதீர்கள். துறைத்தலைவர்தான் வழிகாட்ட வேண்டும் என்றில்லை. பணிமனையில், ஆய்வகத்தில், தெருமுனை லேத் பட்டறையில்கூட அவர் இருக்கலாம். தப்பைக் கண்டால் சும்மா போக மனம் வராதவர் யார் என்று பாருங்கள்.

2. "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தெரியாது. செய்த வேலையைக் கையில் கொண்டு போங்கள். கெட்டுப்போன வேலையாக இருந்தால் இன்னும் நல்லது.

3. கேள்வியைத் தயார் செய்யுங்கள். "மரை வரலை சார்" என்பது புலம்பல். "லீட் ஸ்க்ரூ 6 மி.மீ. பிட்ச், ஜாப் 2 மி.மீ. பிட்ச். 20 பல், 60 பல் கியர் போட்டேன். 1.23 மி.மீ. ஆழம் போயும் நட் ஏறலை. எங்கே தப்பு சார்?" என்பது கேள்வி. இதைக் கேட்டவுடன், கியரும் ஆழமும் சரி, டூலைப் பார்ப்போம் என்று அவர் நேராகத் தப்புக்கு வந்துவிடுவார்.

4. சொன்னதைச் செய்துவிட்டுத் திரும்பப் போங்கள். இதுதான் முக்கியம், நான் தவறியதும் இங்கேதான். சரியாக வராவிட்டாலும் போங்கள். நாம் வராவிட்டால், அக்கறை இல்லை என்றுதான் அவர் நினைப்பார். வெட்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

5. ஒருவரிடமே எல்லாம் கேட்காதீர்கள். மரைக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர், மேற்படிப்புக்கு இன்னொருவர். யார் சொன்னாலும் முடிவு நம்முடையது. மாட்ஸ்லேயும் ஒரு நாள் பிராமாவை விட்டுக் கிளம்பத்தானே வேண்டியிருந்தது!

அந்த இரும்புத் துண்டை இந்த ஆண்டுதான் ராவி முடித்தேன். ஆறாவது முறை கொண்டுபோனபோது, சார் ட்ரை ஸ்கொயரை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "இதை மூணாம் செமஸ்டர்லயே செஞ்சிருக்கலாமே தம்பி" என்றார். பாராட்டா, திட்டா? இரண்டும்தான்.

தம்பி தங்கைகளே, உங்கள் ஸ்கிராப் பெட்டியிலும் ஒரு போல்ட் கிடக்கும். நாளைக்கே அதை எடுத்துக்கொண்டு ஒருவரிடம் போங்கள். அவருக்கும் ஓய்வு பெறும் நாள் ஒன்று உண்டு.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை