பழைய குழுவில் புதிய வீரர்: ஒரு ஒர்க்ஷீட் போதும்

கம்ப்யூட்டர் கேம்களில் லெவல், ஹிட் பாயின்ட், எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட் என்ற சொற்களைப் பார்த்திருப்பீர்கள். இவை கம்ப்யூட்டரில் பிறந்தவை அல்ல. மேஜையைச் சுற்றி அமர்ந்து, வாயால் கதை சொல்லி, பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டு இவற்றைப் பரப்பியது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974ல் வெளியானது.

ஆடும் முறை எளிது. ஒருவர் டன்ஜன் மாஸ்டராக இருந்து கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கேரக்டரை ஏற்று, அது என்ன செய்கிறது என்று சொல்வார்கள். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும். ஒரே கதை மாதக்கணக்கில் நீளும்.

என்னுடன் இன்ஜினியரிங் படித்த நண்பர்களுடன் வார இறுதிகளில் நான் இதை ஆடுகிறேன். டன்ஜன் மாஸ்டர் வேலை என்னுடையது. இடையில் யாருக்காவது வேலை மாறும்; வேறு ஒருவர் புதிதாக வருவார். வந்தவர் மூன்று மணி நேரம் சும்மா வேடிக்கை பார்த்தால் அடுத்த வாரம் வரமாட்டார். இரண்டு பேர் இப்படிப் போனால் குழுவே கலைந்துவிடும். அதற்கு டிராகன் எதுவும் தேவையில்லை! இதைத் தவிர்க்க உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஸ்ப்ரெட்ஷீட் சாப்ட்வேரே போதும். எக்ஸெல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் என எதுவாகவும் இருக்கலாம்.

1. லெவல் சமமாக இருக்கட்டும்

புதியவர் முதல் லெவலில்தான் தொடங்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, உடல் உறுதிக்கு +2 உள்ள பைட்டருக்கு முதல் லெவலில் 12 ஹிட் பாயின்ட். ஐந்தாம் லெவலில் சராசரிக் கணக்கில் 44. ஐந்தாம் லெவல் குழுவின் எதிரி ஃபயர்பால் மந்திரத்தை வீசினால் எட்டு பகடை உருட்ட வேண்டும். சராசரி சேதம் 28. பழையவர் 16 பாயின்ட்டுடன் நிற்பார். புதியவருக்கு 12 போக மீதிச் சேதம் 16. இந்த மீதி அவருடைய முழு ஹிட் பாயின்ட்டை எட்டிவிட்டால் கேரக்டர் உடனே இறந்துவிடும் என்பது விதி. ஒதுங்கித் தப்பினாலும் பாதிச் சேதம், அதாவது 14. அதற்கும் அவர் மயங்கி விழுவார்.

எனவே குழு ஐந்தாம் லெவலில் இருந்தால், அந்த லெவலுக்கு உரிய 6,500 எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட்டைப் புதியவருக்கும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பழையவர்கள் உழைத்துச் சேர்த்ததை இவருக்குச் சும்மா கொடுப்பதா என்று கேள்வி வரும். அவர்களிடம் கதையின் பெருமையும் சேர்த்த பொருள்களும் இருக்கின்றன. அவை அவர்களிடமே இருக்கும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. விளையாட்டுக்கே புதியவருக்கு ஐந்தாம் லெவல் விஸார்டைக் கொடுத்தால் மந்திரப் பட்டியலைப் படிப்பதிலேயே நேரம் போய்விடும். பைட்டர், ரோக் போன்ற எளிய வகைகளைக் காட்டுங்கள். அடிக்கடி தேவைப்படும் ஐந்து விஷயங்களை மட்டும் பெரிய எழுத்தில் ஒரு பக்கத்தில் டைப் செய்து பிரின்ட் எடுத்துக் கொடுங்கள்.

2. காலி இடத்தைக் கண்டுபிடியுங்கள்

புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து, ஒரு வரிசைக்கு ஒரு கேரக்டர் என எழுதவும். மேல் வரிசையில் முன்னின்று அடி தாங்குதல், காயம் ஆற்றுதல், தூரத்திலிருந்து தாக்குதல், பூட்டு திறத்தல், பேச்சால் மடக்குதல் என்று தலைப்புகள் இடவும். செய்யக்கூடியவருக்கு 1, மற்றவருக்கு 0. கட்டங்களைக் காலியாக விட வேண்டாம்.

ஒவ்வொரு பத்தியிலும் உள்ள எண்களை மவுஸால் மேலிருந்து கீழாக இழுத்துத் தேர்ந்தெடுத்து, சிக்மா அடையாளம் உள்ள பட்டனில் சம் வசதியைக் கிளிக் செய்திடவும். கூட்டுத்தொகை கீழே வந்துவிடும். பைட்டர், கிளெரிக், விஸார்ட் என மூவர் உள்ள குழுவில் பெரும்பாலும் பூட்டு திறத்தலுக்கு 0 வரும். அதுதான் காலி இடம்.

இந்தப் பட்டியலைப் புதியவரிடம் காட்டுங்கள்; கட்டளை இடாதீர்கள். அவர் விஸார்டாகத்தான் வருவேன் என்றால் வரட்டும். ஆனால் பழைய விஸார்ட் நெருப்பு வீசுபவர் என்றால் புதியவர் மாயத்தோற்றம் காட்டுபவராக இருக்கட்டும். இருவரும் ஒரே வேலையைச் செய்தால் பழையவரின் மகிழ்ச்சி பாதியாகிவிடும்.

3. உறவு என்று ஒரு பத்தி

கடைசியில் இரண்டு பத்திகள் சேர்க்கவும். ஒன்று, 'குழுவில் யாரைத் தெரியும்?' மற்றொன்று, 'குழுவுக்குத் தெரியாத எது இவருக்குத் தெரியும்?' எல்லாவற்றிலும் முக்கியமானவை இவைதான்.

சத்திரத்தின் மூலையில் முகத்தை மூடிக்கொண்டு, எதைக் கேட்டாலும் பதில் சொல்லாத மர்ம மனிதராக வரவே புதியவர்கள் பலர் ஆசைப்படுவார்கள். அப்படி ஒருவரைக் குழு ஏன் நம்ப வேண்டும்? மாறாக, அவர் பைட்டரின் தங்கை. குழு தேடும் பாழடைந்த கோட்டையில் சிறையிருந்து தப்பியவர். உள்ளே போகும் வழி அவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையவர்களே அவரைத் தேடி வந்து பேசுவார்கள். இந்த உறவைச் சொல்லும் வேலையைப் பழையவர் ஒருவரிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. தான் சொல்லி வந்தவரை அவரே பார்த்துக்கொள்வார்.

4. சீக்கிரம் உள்ளே கொண்டு வாருங்கள்

முதல் கால் மணி நேரத்திற்குள் புதியவர் கதைக்குள் வந்துவிட வேண்டும். அவருடைய திறமை தேவைப்படும் ஒரு பூட்டிய கதவையாவது முதல் நாளே வையுங்கள். பழைய கதையை நாற்பது பக்கம் அனுப்பாதீர்கள். பத்து வரிகள் போதும்.

பைலைப் பகிரும் முன்

கூகுள் ஷீட்ஸில் ஷேர் பட்டனைக் கிளிக் செய்து, மற்றவர்களுக்கு வியூவர் உரிமை மட்டும் கொடுங்கள். கதையின் ரகசியங்களை அதே பைலில் இன்னொரு ஷீட்டில் எழுதி ஹைட் செய்தால் போதாது. பைலுக்கு நகல் எடுத்து அதைத் திறந்துவிடலாம். ரகசியங்களைத் தனி பைலில் வைத்துக்கொள்ளவும்.

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023ல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டன. பிடிஎப் பைலாக இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். அடுத்த முறை புதியவர் ஒருவர் வரும்போது, அவருக்கு நாற்காலி போடும் முன் இந்த ஒர்க்ஷீட்டில் ஒரு வரிசை போட்டுவிடுங்கள்.