செட்டியார் தேடிய காந்தி

தென்னாப்பிரிக்காவில் இந்தியர் உரிமைக்குப் போராடிய காந்தியடிகள், 1942 முதல் 1944 வரை நம் புனே ஆகாகான் மாளிகையில் சிறையிருந்ததை அறிவோம். அவர் வாழ்வை டாக்குமெண்டரிப் படமாக்கியவர் ஒரு தமிழர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

படத்திற்கென நிற்கும் வழக்கம் அடிகளுக்கு இல்லை. தண்டி யாத்திரைக் காட்சியில் காமிராவைப் பாராமல் விரைந்து நடக்கிறார் அன்றோ? ஆகவே ஏ. கே. செட்டியார், பலர் எடுத்து வைத்திருந்த துண்டுப்படங்களைத் தேடி நாடு நாடாகச் சென்றார். ஏறத்தாழ 50,000 அடி சேர்ந்தது. அதைச் சுருக்கி 1940இல் தமிழில் வெளியிட்டார். 1953இல் ஆங்கிலத்திலும் வந்தது.

பின்னர் படமே மறைந்தது. ஆங்கிலப் பிரதியொன்று இந்நூற்றாண்டில்தான், ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலால், அமெரிக்காவில் அகப்பட்டது. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்தது 1964இல். கால் நூற்றாண்டு முன்னரே அமைந்திருப்பின், அச்சுருள் கடல் கடந்து தேடப்பட்டிராது என்றே எண்ணுகிறேன்.