குற்றாலத் தண்ணீரும் வயல் சேறும்

குற்றால மலையில் உற்பத்தியாகும் சிற்றாறு, தென்காசி வட்டார வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அந்த நீர் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. தண்ணீர் ஒன்றுதான், ஆனால் அதில் வாழும் பாக்டீரியாக்கள் இடத்துக்கு இடம் வேறு.

அருவியில் விழும் நீரில் காற்று நன்கு கலந்திருக்கும். பிராணவாயுவைக் கொண்டு வாழும் இனங்களே அங்கு மிகுதி. கீழே வர வர வண்டலும் அழுகிய தழையும் சாக்கடையும் சேர்ந்து இனங்கள் மாறுகின்றன. பெரிய மாற்றம் கழிமுகத்தில்தான். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உப்பு ஏற ஏற நன்னீர் இனங்கள் குறைந்து, உப்பைத் தாங்கும் இனங்கள் பெருகும்.

சேற்றுக்குள் நடப்பது வேறு. கடல் நீரில் சல்பேட் என்னும் கந்தகச் சத்து ஏராளம். காற்றுப் புகாத சேற்றில் சிலவகை பாக்டீரியாக்கள் பிராணவாயுவுக்குப் பதிலாக சல்பேட்டைக் கொண்டு வாழ்ந்து, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடுகின்றன. கழிமுகத்தில் வீசும் அழுகிய முட்டை நாற்றம் இதுவே. நன்னீர்ச் சேற்றில் சல்பேட் குறைவு. அங்கே மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களின் கை ஓங்கும்.

கழிமுகத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அங்கே பல மைல் தூரத்தில் நடப்பது, தொழி அடித்து நீர் கட்டிய வயலில் ஒரு சாண் ஆழத்தில் நடக்கிறது. சேற்றின் மேல்பரப்பில் மட்டும் மெல்லியதாகக் காற்றுள்ள அடுக்கு. அதன் கீழே காற்றில்லை. மேலே தூவிய யூரியாவை மேலடுக்கு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அது கீழே இறங்கியதும் வேறு பாக்டீரியாக்கள் அதை வாயுவாக்கி விடுகின்றன. காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றோடு போய்விடும். 2015 முதல் யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதனால் இழப்பு குறையுமே தவிர, நின்றுவிடாது. ஆகவே அடியுரத்தைக் கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிட வேண்டும். மேலுரத்தைத் தண்ணீரை வடித்துவிட்டு, பல தவணையாகப் பிரித்து இடுவது நல்லது.

தாழ்வான, வடிகால் இல்லாத வயல்களில் கந்தக வாயுவும் தொல்லை தரும். பயிர் மஞ்சளித்தால் உடனே உர மூட்டையைப் பிரிக்க வேண்டாம். முதலில் ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருந்தால் வேருக்குக் கேடில்லை. கருத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வேர் மூச்சுவிட முடியாமல் திணறுகிறது என்று பொருள். அந்த வேர் உரத்தை எடுக்காது. நீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு காணும்வரை காயவிட்டுப் பிறகு நீர் பாய்ச்சுங்கள். மேலுரம் அதற்குப் பின்தான். இத்தகைய வயலுக்கு அம்மோனியம் சல்பேட் உதவாது. அதிலும் சல்பேட் இருக்கிறதே! கொழிஞ்சி போன்ற பசுந்தழையையும் நடுவைக்குப் பதினைந்து நாள் முன்பே மிதித்து மக்கவிட வேண்டும்.

கதிர் வெளிவரும் சமயத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. கால்வாயில் அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரிந்துகொண்டே மடையைத் திறந்து வடியுங்கள்.