கல் எறியப்படாத மகன்

அன்புள்ள பேத்திக்கு,

பைபிளின் உபாகமம் 21ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு, "இதையும் கடவுள் சொன்னார் என்று எப்படித் தாத்தா நம்புகிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். பெற்றோர் சொல் கேளாமல் தின்பதும் குடிப்பதுமாகத் திரியும் மகனை ஊர்ப் பெரியவர்களிடம் இழுத்து வர வேண்டும், ஊர் ஆண்கள் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். உன் கோபம் நியாயமானது. வேதத்தில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்று நம்பிய யூத ரபிகளுக்கும் அது நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"அந்தக் காலத்துக்கு அது சரி" என்று சொல்லித் தப்பிக்கும் வழி அவர்களுக்கு இல்லை. எக்காலத்துக்குமான சட்டம் என்று நம்பியவர்கள் ஆயிற்றே! அதனால் நிபந்தனைகளை அடுக்கினார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவைப் பார். பையன் சிறுவனாக இருந்தால் தண்டனை கிடையாது; தாடி நிறைந்துவிட்டாலும் கிடையாது. அப்பாவின் பொருளைத் திருடி, வேற்றிடத்தில் போய்த் தின்றிருக்க வேண்டும். எவ்வளவு இறைச்சி, எவ்வளவு திராட்சை மது என்பதற்கும் கணக்கு உண்டு. தாயும் தந்தையும் ஒருமனதாக வழக்குத் தொடுக்க வேண்டும். அவனைப் 'பிடித்து' என்று இருப்பதால் இருவரில் யாருக்கும் கை ஊனம் இருக்கக் கூடாது. 'கொண்டுவந்து' என்பதால் கால் ஊனம் கூடாது. 'சொல்லி' என்பதால் பேச்சு வராதவராக இருக்கக் கூடாது. மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூத்தில் ரபி யூதா இன்னும் ஒரு படி மேலே போகிறார்: தாயும் தந்தையும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒத்திருக்க வேண்டுமாம். அப்படியொரு தம்பதியை எங்கே போய்த் தேடுவது? கிடைக்கக் கூடாது என்பதற்காகவே போட்ட நிபந்தனைகள் இவை என்பது என் கருத்து.

கடைசியில் தல்மூத், அப்படி ஒரு மகன் இருந்ததும் இல்லை, இருக்கப் போவதும் இல்லை, படித்துப் பலன் பெறவே அது எழுதப்பட்டது என்று ஒரு கருத்தைப் பதிவு செய்கிறது. உடனே ரபி யோனத்தான் மறுக்கிறார்: அப்படி ஒருவனைத் தான் பார்த்ததாகவும், அவன் கல்லறைமேல் உட்கார்ந்ததாகவும். தங்களுக்குச் சங்கடமான அந்தச் சாட்சியையும் நீக்காமல் வைத்திருக்கிறார்களே, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

கண்ணுக்குக் கண் என்பதைப் பண இழப்பீடாக மாற்றியவர்களும் இவர்கள்தான். ஏழாண்டுக்கு ஒருமுறை கடனைத் தள்ள வேண்டும் என்ற சட்டத்தால் ஏழைகளுக்குக் கடனே கிடைக்காமல் போனபோது, கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் எழுதி வைக்க வழி செய்தார் ஹில்லேல் என்ற யூத அறிஞர். சட்டம் அப்படியே இருந்தது, கடனும் கிடைத்தது.

சாமர்த்தியமாக வளைக்கிறார்கள், அவ்வளவுதானே என்று நீ சொல்லலாம். பாதி உண்மை. ஆனால் நம்பிக்கையாளர் வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுவந்து வேதத்தை அளப்பதில்லை. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று அதே வேதம் சொல்கிறதே, அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இந்த வரியை அடக்குகிறார். எந்த வரி ஆள வேண்டும், எது அடங்க வேண்டும் என்று தீர்மானிப்பது மனசாட்சிதான். இதைப் பலர் வெளிப்படையாக ஒப்புக்கொள்வதில்லை என்பதே என் குறை.

இன்னொரு குறையும் உண்டு, இதைவிடப் பெரியது. யூதச் சட்டப்படி மணவிலக்குச் சீட்டைக் கணவன்தான் தர வேண்டும். அவன் மறுத்தால் மனைவி மறுமணம் செய்ய முடியாது. அப்படிக் கட்டுண்டு கிடப்பவளை 'அகுனா' என்பார்கள். பெண்களுக்காக எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது: சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரபி கெர்ஷோம், மனைவியின் சம்மதமின்றி அவளை விலக்கக் கூடாது என்று தடை போட்டார். பலதார மணத்தையும் தடுத்தார். இஸ்ரேலில் 1995இல் வந்த சட்டப்படி, சீட்டுத் தர மறுக்கும் கணவனை ரபி நீதிமன்றமே சிறையில் அடைக்கலாம். சிலர் சிறைக்குப் போயும் தர மறுக்கிறார்கள். முடிச்சு முழுதாக அவிழவில்லை. துஷ்ட மகனைக் காப்பாற்ற அத்தனை நிபந்தனை கண்டுபிடித்த மூளைகளுக்கு இது மட்டும் ஏன் முடியவில்லை?

பொருள் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் மகன்களாகவும் தகப்பன்களாகவும் இருந்தார்கள். அகுனாவாக யாரும் இருக்கவில்லை. நீ எந்த மதத்தின் நூலைத் திறந்தாலும், அதற்கு உரை சொன்னவர் யார் என்பதையும் சேர்த்துக் கேள். இஸ்ரேலின் ரபி நீதிமன்றங்களில் 1990களிலிருந்து பெண்கள் வாதாடுகிறார்கள். தீர்ப்புச் சொல்லும் இருக்கையில் இன்றும் ஆண்கள் மட்டுமே.

அன்புடன்,
தாத்தா