பிச்சி என்று பெயர் பெற்றவர்

திருமலையில் அன்னப்பிரசாதம் உண்டவர்கள், அந்தப் பெரிய கூடத்தின் முகப்பில் 'மாத்ருஸ்ரீ தரிகொண்டா வெங்கமாம்பா' என்ற பெயரைக் கண்டிருப்பீர்கள். 2011-இல் திறக்கப்பட்ட கூடம் அது. இந்த அம்மையார் யார் என்று நம் பிள்ளைகள் கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வோம்?

18-ஆம் நூற்றாண்டில், 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த தரிகொண்டாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே தன்னை மறந்து பாடுவதும் தனித்திருப்பதுமாக இருந்த அவரை ஊரார் 'பிச்சி' என்றார்கள். தெலுங்கில் அதற்குப் பைத்தியம் என்று பொருள். கல்யாணம் செய்துவைத்தால் தெளிந்துவிடும் என்றார்கள். (இன்றும் நம்மவர் முதலில் சொல்லும் வைத்தியம் இதுதானே!) கல்யாணமும் நடந்தது, இளம் வயதிலேயே கணவர் இறந்தார். தலையை மழி, பூவையும் பொட்டையும் நீக்கு என்று ஊர் நெருக்கியது. வேங்கடவனே என் கணவன், நான் எப்படிக் கைம்பெண் ஆவேன் என்று அவர் மறுத்ததாக வரலாறு சொல்கிறது. அதைச் சுற்றி அற்புதக் கதைகள் பல உண்டு. எனக்கு அந்த மறுப்பே அற்புதமாகப் படுகிறது.

பின்னர் திருமலை சென்று அங்கேயே வாழ்ந்தார். 'வேங்கடாசல மாஹாத்மியம்', 'துவிபத பாகவதம்' முதலிய நூல்களைத் தெலுங்கில் இயற்றினார். 1817-இல் மறைந்தார், சமாதி திருமலையிலேயே இருக்கிறது. இரவு ஏகாந்த சேவையில் இன்றும் அவர் பெயரால் ஆரத்தி நடக்கிறது.

இங்கே நாம் படிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகாததை நோய் என்று கொள்ளக்கூடாது. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே இதைச் சொல்கிறது: சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, சமய நம்பிக்கைகளோடு ஒருவர் இசையவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டலாகாது. வெங்கமாம்பாவின் ஊராருக்கு எழுதிய பதில் போல இல்லையா?

ஆனால் இதைத் தலைகீழாகவும் புரிந்துகொள்ளக்கூடாது. எல்லாப் பெண்ணும் வெங்கமாம்பாவைப் போல நெருக்கடியைத் தாங்கி நிற்பாள் என்று எதிர்பார்ப்பது கொடுமை. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதையே நாள்தோறும் கேட்கும் பெண் உண்மையாகவே நோயுறலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, பேச்சு, படிப்பில் நாட்டம் எல்லாம் குன்றினால் அது பிடிவாதம் அல்ல, திமிரும் அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். சாவைப் பற்றிப் பேசினாலோ இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம். வரன் பார்ப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலோ தெலுங்கிலோ பேசலாம், பெற்றோரும் பேசலாம்.