இன்னைக்கு கிளைமேட் சூப்பரா?



லேசாக மேகம் மூடினால் போதும், "இன்னைக்கு கிளைமேட் சூப்பர்டா" என்று நம்மில் பலர் சொல்கிறோம். அது தவறு. ஒரு நாளைக்குக் கிளைமேட் கிடையாது!

வானிலை: ஓர் இடத்தில் இன்று இருக்கும் வெப்பம், மழை, காற்று, ஈரப்பதம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாறும். இதுதான் வெதர்.

காலநிலை: இவை எல்லாம் அங்கே பல வருடமாக எப்படி இருந்தன என்பதன் கணக்கு. பொதுவாக 30 ஆண்டுச் சராசரியை எடுப்பார்கள். இப்போது 1991 முதல் 2020 வரை உள்ள கணக்கு பயன்படுகிறது. இதுதான் கிளைமேட்.

நம்ம ஊர்க் கதை

நெருப்பெரிச்சல் என்றதும், "பேர்லயே நெருப்பு இருக்கே" என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். நம் பகுதி வறண்டதற்குக் காரணம் பெயர் அல்ல, மலை! ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. வால்பாறை நனைகிறது. நமக்கு ஆடிக்காற்றுதான் மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில்தான் நமக்கு நல்ல மழை. இது நம் காலநிலை. சோளமும் கம்பும் இங்கே விளைவது இதனால்தான். துவைத்த துணியை இன்று மொட்டை மாடியில் காயப் போடலாமா என்று அம்மா வானத்தைப் பார்ப்பது வானிலை.

வறண்ட ஊருக்கு வெள்ளம் வராதா?

வரும். 2011 நவம்பரில் திருப்பூரில் ஒரே இரவில் பெய்த மழையில் ஓடைக்கரை வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. உயிர்களும் போயின. சராசரி குறைவாக இருந்தாலும் ஒரு நாள் மழை பெரிதாக இருக்கலாம். ஆகவே, "இங்கெல்லாம் எங்க மழை" என்று நினைத்து ஓடையில் வீடு கட்டவோ, குப்பை கொட்டவோ கூடாது.

அந்த ஒரு மழையை மட்டும் வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. உலகம் சூடாகி வருவதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது பல பத்தாண்டுக் கணக்கை ஒப்பிட்டுத்தான்.

செய்து பாருங்கள்

அடிப்பாகம் தட்டையாக, பக்கம் நேராக உள்ள டப்பாவை மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்குத் தண்ணீரை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்து நோட்டில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையும் மழையை அந்த நேரத்தில்தான் கணக்கெடுக்கிறது.

ஒரு நாள் எழுதினால் வானிலை. நாம் படித்து முடித்துப் போகும்போது நோட்டை அடுத்த வகுப்புக்குக் கொடுத்தால், 30 வருடத்தில் அது நம்ம ஊர்க் காலநிலை!